என் நம்பருக்கும் ஒரு போன்

மலர்,

மூன்று வாரமாக எனக்கு உன் போன் வரவில்லை. அம்மாவோடு மட்டும் பேசுகிறாய். சரி, வேலை இருக்கும். மெல்பர்னில் குளிர் தொடங்கிவிட்டதாமே, கம்பளிச் சட்டை போடு. காலையில் வெறும் கோப்பியோடு ஓடாதே, ஏதாவது சாப்பிடு.

போன ஞாயிறு உன் அம்மா வழிப் பாட்டி போபோவின் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது நீயும் அம்மாவும் ஸ்பீக்கரில் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை, இந்தச் சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் அடுப்படிக்கும் ஹாலுக்கும் எவ்வளவு தூரம்? முதலில் பார்த்த மனநல ஆலோசகர் "இந்தியப் பக்கமா சீனப் பக்கமா, எது அதிகம்" என்று கேட்டதாகவும், தூக்கம் வராததைச் சொல்லப்போனால் இரண்டு இனத்தில் பிறந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றதாகவும், அவருக்குப் பொங்கலையும் சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போகும் சிங் மிங்கையும் விளக்கியே ஒரு மணி நேரம் போனதாகவும் சொன்னாய். அதற்குக் காசு வேறு! இப்போது பார்க்கிற ஆலோசகர் அம்மா எந்தப் பக்கம் என்றே கேட்கவில்லையாம், வீட்டில் கோபம் எந்த மொழியில் வரும், சமாதானம் எந்த மொழியில் வரும் என்று கேட்டாராம். சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் யோசித்தேன். கோபம் எனக்குத் தமிழில்தான். சமாதானம் எந்த மொழியிலும் சொன்னதில்லை, கீழே போய் உனக்கு மீ கோரெங் வாங்கி வந்து மேசையில் வைத்ததோடு சரி.

அங்கே அப்பாவைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று நான் கேட்கமாட்டேன். சொல்வதைச் சொல். சாப்பிட்டுவிட்டுப் போ.

தேக்கா சந்தையில் "சீனப் புள்ளையா, தமிழ் தெரியுமா" என்று யாராவது கேட்டால் போதும், "பேசிக் காட்டும்மா" என்பேன். நீ ஒரு குறள் சொல்வாய், எனக்கு நெஞ்சு நிமிரும். தமிழில் ஏ1 வாங்கியவள் ஆயிற்றே, உன் அத்தை பிள்ளைகள் வாங்கினார்களா? ஆனால் அவர்களை யாரும் பேசிக் காட்டச் சொன்னதில்லை. இது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

அப்புறம் அந்த 2011. அடையாள அட்டையில் இரண்டு இனத்தையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று வந்த வருஷம். அம்மா கேட்டாள், நீயும் பக்கத்தில் நின்றாய். "இந்தியர்-சீனர்னு போட்டாலும் வீவக முதல்ல இருக்கறதைத்தான் பார்க்கும், எதுக்கு வீண் அலைச்சல்" என்றேன். வீடு வாங்கும்போது பார்க்கிற இன விகிதத்துக்கு முதலில் இருப்பதைத்தான் பார்ப்பார்கள், அது சரிதான். ஆனால் நான் வேண்டாம் என்றது அதற்காக இல்லை. போபோ உன்னை அவர்கள் பக்கம் இழுத்துக்கொள்வாரோ என்று பயம். என் இனத்தை வைத்துப் பள்ளியில் தமிழ், அட்டையில் இந்தியர், உன் பெயருக்குப் பின்னால் என் பெயர், இவ்வளவு இருந்தும் எனக்குப் போதவில்லை. அம்மா ஒன்றும் பேசவில்லை. நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாய், "பரீட்சை டென்ஷன்" என்று நான் அம்மாவிடம் சொன்னேன்.

அந்த ஆலோசகர் அம்மாவிடம் இதையும் சொல். தேவைப்பட்டால் வீட்டு ஆட்களையும் கூப்பிடுவார்களாமே, வீடியோவில் வருகிறேன். இதையெல்லாம் ஆங்கிலத்தில் எனக்குச் சொல்ல வராது, தமிழில் சொல்கிறேன், நீ எடுத்துச் சொல். ஞாயிறு இரவு அம்மா நாடகம் பார்க்கும் நேரம் நான் சும்மாதான் இருப்பேன். என் நம்பருக்கே அடி.

அப்பா