பேராதனையில் ஒரு பகல்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடியும் காலையில் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்ததில் எனக்குப் பெரிய ஆறுதல். மாசி மாதம் கண்டிக்கு வரும்போது எதைப் பார்க்கலாம் என்று கேட்டிருந்தாய். பேராதனைக்கு ஒரு முழுப் பகலைக் கொடு என்பதே என் பதில். பல்கலைக்கழகத்தையும் தாவரவியல் பூங்காவையும் முன்பு தனித்தனியாகப் பார்த்திருக்கிறேன். போன வாரம் இரண்டையும் ஒரே நாளில், அவசரமில்லாமல், நடந்தே பார்த்தபோதுதான், தாம் காணப்போகாத காலத்துக்காக உழைத்தவர்களின் கைவண்ணம் இரண்டிலும் இருப்பது எனக்குப் புலப்பட்டது.

காலையில் கலகா வீதி வழியாக வளாகத்துக்குள் நுழைந்தேன். ஒருபுறம் ஹந்தானை மலை, இன்னொருபுறம் மகாவலி ஆறு. இடையிலுள்ள நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் குலைக்காமல், சரிவின் போக்கிலேயே கட்டடங்களை அமைத்திருக்கிறார்கள். பற்றிக் அபெர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் வகுத்த திட்டத்துக்கு உருவம் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் ஷெர்லி டி அல்விஸ். பல்கலைக்கழக மூதவையான செனற்றின் கட்டடத்தில் கண்டிப் பாணிக் கூரையையும், பழைய இராசதானிகளை நினைவூட்டும் தூண்களையும், படியடியில் பதித்த சந்திரவட்டக் கல்லையும் நின்று நிதானமாகப் பார்த்தால், எவ்வளவு பொறுமையோடு அவர் வேலை செய்திருக்கிறார் என்பது தெரியும்.

விடுதிகளின் பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தேன். இந்நாட்டுக்கெனப் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டுமென்று 1906 இல் சங்கம் அமைத்துப் போராடியவர்களில் பொன்னம்பலம் அருணாசலம், ஜேம்ஸ் பீரிஸ், மார்க்கஸ் பெர்னாண்டோ ஆகிய மூவரின் பெயரிலும் அங்கே விடுதிகள் உண்டு. அருணாசலம் 1924 இல் காலமானார்; இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் தொடங்கியதோ 1942 இல், பேராதனைக்கு இடம்பெயர்ந்ததோ 1952 இல். அவர் கேட்டது கிடைத்தபோது அவர் இல்லை. நம் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு கூத்தைப் புதிதாக மேடையேற்றியதும் இங்கே பணியாற்றிய காலத்தில்தான். அந்தப் பாதைகளில் மத்தளச் சத்தம் கேட்டிருக்கும் மாலைகளை நினைத்து நினைத்து மகிழ்ந்தேன்.

நண்பகலுக்குப் பிறகு கலகாச் சந்தியைக் கடந்து பூங்காவுக்குப் போனேன். 1821 இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கிய இந்த 147 ஏக்கர் நிலத்தை மகாவலி மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. எல்லோரும் படமெடுக்கும் அரசப்பனைச் சாலை 1950 இல் நட்டது. அழகுதான், ஆனால் என் மனம் அதில் நிற்கவில்லை. நான் நெடுநேரம் நின்றது 1887 இல் நட்ட பனை வரிசையின் நடுவே. நம் ஊர்ப் பனை, நண்பா! வெயிலும் மணலுமாய் நாம் கண்ட மரம், இந்த ஈரமலைநாட்டில் இருமருங்கும் அணிவகுத்து நிற்பதைக் கண்டதும் ஊர்க்காரர் ஒருவரை எதிர்பாராத இடத்தில் சந்தித்தது போலிருந்தது.

பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னராகிய இளவரசரும் அவர் மனைவியும் 1901 இல் நட்ட நாகலிங்க மரத்தையும் தேடிப் போனேன். அதன் பூக்கள் இலைகளுக்கிடையே பூப்பதில்லை. அடிமரத்திலிருந்தே தொங்கும் கொடி போன்ற காம்புகளில் பூக்கின்றன. தரையில் கிடந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். தடித்த செவ்விதழ்கள், நடுவே சிறு மேடு, அதன்மேல் பாம்பு படமெடுத்தாற்போல் வளைந்து கவிந்த மகரந்தக் கற்றை. ஆற்றங்கரையிலுள்ள இராட்சத மூங்கில்களையும் தவறவிடாதே. மழைக்காலத்தில் அவற்றின் குருத்து ஒரே நாளில் ஓர் அடி வரை வளருமாம்.

ஒரு திருத்தம் மட்டும் செய்வோம். நாகலிங்கப் பூவின் மணம் இரவிலும் அதிகாலையிலும்தான் மிகுதி. நான் போன வேளையில் அது பெரும்பாலும் அடங்கியிருந்தது. ஆகவே நீ வரும்போது பூங்கா திறந்தவுடனேயே உள்ளே போய்விடுவோம், வளாகத்தை மாலைக்கு வைத்துக்கொள்வோம். ஏற்றமான பாதைகளை உன் முழங்கால் தாங்குமா என்று வைத்தியரிடம் கேட்டு எழுது. தாங்காதென்றால் ஆற்றோரமாகவே நடக்கலாம். வரும் திகதி முடிவானதும் அறிவி. நிலையத்துக்கு வந்து நிற்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்