ஓட்டுநரை மாற்ற முடியுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கம்யூனிசமும், தேர்தலில் நின்று ஜெயித்து வரி போட்டு ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் சமூக ஜனநாயகமும் ஒரே ஊருக்குப் போகும் இரண்டு பேருந்துகள், ஒன்று விரைவு வண்டி, மற்றது நின்று நின்று போவது என்று சென்ற ஞாயிறு வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வழி தப்பினால் ஓட்டுநரை மாற்ற முடியுமா என்று அவர் கேட்கவே இல்லை.

1980 ஆகஸ்டில் நான் சிங்கப்பூர் செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வெல்டர். போலந்தின் கதான்ஸ்க் நகரில், லெனின் பெயர் சூட்டிய பட்டறையில் வேலைநிறுத்தம் என்று பத்திரிகையில் வந்தது. பட்டறைச் செய்தி என்றால் எங்களுக்குத் தனி ஆவல். கிரேன் ஓட்டிய ஒரு பெண்மணியை, ஓய்வுபெறச் சில மாதமே இருக்கையில் வேலையை விட்டு நீக்கியிருக்கிறார்கள். சக தொழிலாளர்கள் கொதித்துவிட்டார்கள். பிறகு திரண்ட 21 கோரிக்கைகளில் முதலாவது சம்பளம் அல்ல. ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் பிடியில் இல்லாத தொழிற்சங்கம். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், தீவிர இடதுசாரி, "எல்லாம் அமெரிக்காக்காரன் வேலை" என்றார். "தொழிலாளியோட அரசாங்கம்னா, தொழிலாளி எதுக்கண்ணே சங்கம் கேக்குறான்?" என்றேன். பதில் வரவில்லை, தே குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். மறு ஆண்டு டிசம்பரில் அங்கே ராணுவச் சட்டம்.

சுவீடனில் சமூக ஜனநாயகவாதிகள் 1932 முதல் 44 ஆண்டுகள் அநேகமாகத் தொடர்ந்து ஆண்டார்கள். 1976 தேர்தலில் தோற்றதும் நாற்காலியை விட்டு இறங்கினார்கள். 1982இல் மக்களே திரும்பக் கூப்பிட்டார்கள். எனக்கு இது பெரிய விஷயம்.

அதற்காக அந்த வழியில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நிறுவன லாபத்தில் ஒரு பங்கைத் தொழிலாளர் நிதிக்குப் பங்குகளாகவே மாற்றி, மெல்ல மெல்ல உடைமையையே கைமாற்றலாம் என்று ரூடால்ஃப் மெய்ட்னர் அங்கே ஒரு திட்டம் போட்டார். முதலாளிகள் கொதித்தெழுந்தார்கள். 1983இல் சட்டமானபோது அது நீர்த்துப்போயிருந்தது. அடுத்து வந்த வலதுசாரி அரசு 1990களின் தொடக்கத்தில் அதையும் கலைத்துவிட்டது. வரி போட்டுப் பள்ளியும் மருத்துவமனையும் கட்டும்வரை பொறுத்துக்கொள்கிற முதலாளி, உடைமையில் கைவைத்தால் பொறுப்பதில்லை. இந்த இடத்தில் கம்யூனிஸ்டுகள் சொல்வதை என்னால் தள்ள முடியவில்லை.

நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடும் மத்திய சேம நிதியும் சமூக ஜனநாயகம்தான் என்கிறார் அந்த வாசகர். பாதிதான் சரி. வீட்டை ஒத்துக்கொள்கிறேன், நானே அதில்தான் குடியிருக்கிறேன். சேம நிதி பிரிட்டிஷார் காலத்தில், 1955இல் வந்தது. அதில் கிடப்பது அவரவர் சம்பளமும் முதலாளி சேர்க்கும் பங்கும். குறைந்த சம்பளக்காரருக்குக் குறைந்த சேமிப்பு. சுவீடன்காரர்கள் செய்தது பொதுவில் வரி திரட்டிப் பொதுவில் பங்கிடுவது. இரண்டையும் ஒரே பெட்டியில் போடலாமா? இன்னொன்று: உலகச் சமூக ஜனநாயகக் கட்சிகளின் கூட்டமைப்பான சோசலிஸ்ட் அகிலத்திலிருந்து நம் ஆளும் மக்கள் செயல் கட்சி விலகியதும் அதே 1976இல்தான். விசாரணையின்றித் தடுத்து வைப்பது பற்றி டச்சுத் தொழிற்கட்சி எழுப்பிய புகார்தான் அதற்குக் காரணம்.

ஆயினும் கம்யூனிச வழியில் போனவர்களை எளிதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தஞ்சை மாவட்டத்தில் பிறந்த எஸ்.ஏ. கணபதி அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தார். 1948இல் காலனி அரசு சம்மேளனத்தையே இல்லாமல் செய்தது. மறு ஆண்டு மே 4ஆம் தேதி, கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டது. வாக்குப்பெட்டியே இல்லாத நாட்டில் அவரை எந்தப் பேருந்தில் ஏறச் சொல்வது?

அவரைப் பற்றியும் அக்காலத் தமிழ்த் தொழிற்சங்கவாதிகள் பற்றியும் தங்கள் இதழில் ஒரு தொடர் வந்தால் நன்றாக இருக்கும். என் பேரனுக்குக் கணபதி என்றால் பிள்ளையார் மட்டும்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டறை ஊழியர்,
ஈசூன்