தலைவலிக்குக் காரணம் பயமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மயக்க மருந்துக் கட்டுரையில், 'முதுகில் ஊசி போட்டபின் சிலருக்கு வரும் தலைவலி பெரும்பாலும் பயத்தால் வருவதே என்று ஆய்வுகள் சொல்கின்றன' என்றொரு வரி. அதற்குமேல் படிக்க மனம் வரவில்லை. மிச்சக் கட்டுரை நன்றாகத்தான் இருந்திருக்கும்.

எனக்கு சிசேரியன் ஆன மறுநாள், குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்து உட்கார்ந்தேன். பிடரியிலிருந்து நெற்றி வரை கயிறு கட்டி இழுப்பதுபோல வலி. படுத்தால் சில நிமிடத்தில் போய்விடும். உட்கார்ந்தால் திரும்ப வரும். மூன்று நாள் படுத்தபடியேதான் பால் கொடுத்தேன். "எல்லாருக்கும்தான் ஊசி போட்டோம், உங்களுக்கு மட்டும் என்னம்மா?" என்றார் நர்ஸ். நாலாம் நாள் வந்த மயக்க டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "படுத்தா குறையுதா?" ஊசி போட்ட ஓட்டை வழியாக முதுகுத்தண்டு நீர் கசிகிறது என்றார். என் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, முதுகில் அந்த இடத்தில் செலுத்தினார். அன்று மாலை உட்கார்ந்து பால் கொடுத்தேன். என் பயம் ரத்தம் வைத்து அடைக்கிற ரகம் போலிருக்கிறது.

முதுகில் ஊசி போட்டு உடம்பை மரத்துப்போகச் செய்யும் முறையை 1898-இல் கொண்டுவந்த ஜெர்மன் சர்ஜன் ஆகஸ்ட் பியர் தம் முதுகிலேயே ஊசி போடச் சொன்னதும், சிரிஞ்சு ஊசியோடு பொருந்தாமல் தண்டுவட நீர் ஒழுகிப் போனதும் தங்களுக்குத் தெரியாததல்ல. மனிதர் ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். எழுந்தால் தலைவலி, படுத்தால் இல்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அவரும் பயந்தாங்கொள்ளிதானா?

ஆய்வு என்றீர்களே, எந்த ஆய்வு? 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் 110 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தண்டுவட நீர் இருக்கும் இடத்தில் குத்தும் ஊசி வழக்கமான வெட்டும் நுனியாக இருந்தால் 100-க்கு 11 பேருக்குத் தலைவலி. பென்சில் முனைபோல மழுங்கிய நுனியாக இருந்தால் சுமார் 4 பேருக்கு. ஊசி நுனியை மாற்றினால் பயம் குறையுமா, ஐயா?

'ஆய்வுகள் சொல்கின்றன' என்பது தங்கள் பத்திரிகைக்குப் பழகிப்போன வாக்கியம். ஜப்பானிய மயக்க மருத்துவர் ஃபூஜி எழுதியவையும் ஆய்வுகள்தான். அவற்றில் 172 கட்டுரைகள் இட்டுக்கட்டியவை என்று 2012-இல் அந்நாட்டு மயக்க மருத்துவர் சங்கமே சொன்னது. பிரசவ வலிக்கு ஊசி கேட்கும் பெண்களைப் 'பொறுமை இல்லாதவர்கள்' என்று முன்பொரு முறை எழுதினீர்கள். அதற்கும் கடிதம் போட்டேன். இடநெருக்கடியாக இருந்திருக்கும், வரவில்லை.

பக்கம் பக்கமாக மறுப்பு வேண்டாம். முதுகில் ஊசி போட்டபின், உட்கார்ந்தால் வந்து படுத்தால் போகும் தலைவலி இருந்தால் மயக்க டாக்டரிடம் சொல்லவும் என்று அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள். மூலையில் சின்ன எழுத்தில் இருந்தாலும் சரி, படுத்துக்கொண்டு படிப்பவர்களுக்கும் கண்ணில் படும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி