அம்மாவுக்கு நீங்களே சொல்லுங்கோ, சின்னம்மா

மெல்பேர்ண்
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நாங்கள் ரெண்டு பேரும் சுகம். நீங்களும் சித்தப்பாவும் சுகமா இருக்க வேணுமெண்டு பத்திரகாளி அம்மனை வேண்டுறன்.

இதை உங்கட பள்ளிக்கூட விலாசத்துக்குப் போட்டதுக்குக் காரணம் இருக்கு. வீட்டுக்கு வந்தால் அம்மா உடைச்சு வாசிச்சுப் போடுவா. போனில கதைக்க வெளிக்கிட்டால் அரைவாசியில பறிச்சு அழத் தொடங்கிவிடுவா. முதல்ல நீங்கள் முழுக்க வாசியுங்கோ. அம்மாவுக்கு எவ்வளவு சொல்லலாமெண்டு பிறகு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ.

நான் ஃபேஸ்புக்கில போட்ட படத்தை ஆரோ அம்மாவுக்குக் காட்டிப் போட்டினம். தலையில ஹெல்மெட், வாய்க்குள்ள பிளாஸ்டிக் கவசம், அரைக் காற்சட்டை, தொடையில ஒரு பெரிய கண்டல். அண்டையில இருந்து "பிள்ளை அங்க ஆரோடயோ அடிபட்டுத் திரியுது" எண்டு உவர்மலை முழுக்கச் சொல்லுறாவாம். அடிபடுறதெண்டது ஒரு விதத்தில உண்மைதான். ஆனால் விசில் ஊதி, நடுவர் வைச்சு, விதியோட அடிபடுறம். அதை விளங்கப்படுத்தக்கூடிய ஆள் திருகோணமலையில நீங்கள் ஒருத்தர்தான். எத்தினை வருஷமா நெற்போலுக்கு, அதுதான் எங்கட வலைப்பந்துக்கு, விசில் ஊதினனீங்கள்!

இதுக்குப் பேர் ரோலர் டேர்பி. முன்னுக்கு ரெண்டு, பின்னுக்கு ரெண்டு எண்டு நாலு சில்லுப் பூட்டின சப்பாத்தோட, நீள்வட்டத் தடத்தில மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கமாச் சுத்துற விளையாட்டு. பந்து எங்க எண்டு தேடாதேங்கோ, ஆள்தான் பந்து. ஒரு பக்கத்துக்கு ஐஞ்சு பேர். அதில ஹெல்மெட்டில நட்சத்திரம் போட்டவதான் ஜாமர், புள்ளி எடுக்கிறவ அவ மட்டும்தான். மற்ற நாலு பேரும் புளொக்கர், மறிக்கிற ஆக்கள். விசில் ஊதினதும் ரெண்டு ஜாமரும் பின்னால இருந்து கூட்டத்துக்குள்ள நுழைஞ்சு பிச்சுக்கொண்டு வெளியில வர வேணும். அந்த முதல் தரத்துக்குப் புள்ளி இல்லை. ஒரு சுற்றுச் சுத்தி வந்து திரும்பக் கடக்கேக்க, எதிர்ப்பக்கத்துப் புளொக்கர் ஒவ்வொருத்தரையும் தாண்டத் தாண்ட ஒவ்வொரு புள்ளி. இப்பிடி ஆகக் கூடினது 2 நிமிஷம். 30 செக்கன் மூச்சு வாங்கிப்போட்டுத் திரும்ப. 30 நிமிஷம் 30 நிமிஷமா ரெண்டு பாதி.

மூளைக்கு வேலை எங்க இருக்கெண்டால், கூட்டத்தை ஒழுங்கா முதல்ல கடந்த ஜாமருக்கு ஒரு சலுகை இருக்கு. அவ நினைச்ச நேரம் ரெண்டு கையாலயும் இடுப்பில தட்டிக் காட்டினால் அந்த ஆட்டம் அதோட சரி. நாலு புள்ளியை எடுத்துக்கொண்டு, மற்ற ஜாமர் புள்ளி எடுக்க வாறதுக்குள்ள தட்டி நிப்பாட்டிப் போடலாம். பேராசைப்பட்டு இன்னொரு சுற்றுப் போனால் எதிரியும் எடுத்துப் போடுவா. 2 நிமிஷமும் ஓடி முடிக்கிறவை கெட்டிக்காரர் எண்டு ஆரம்பத்தில நினைச்சிருந்தன். தட்ட வேண்டிய இடம் தெரிஞ்சவைதான் கெட்டிக்காரர்.

நெற்போலில நீங்கள் எனக்கு எப்பவும் ஜிடிதான், கோல் டிஃபென்ஸ் எண்ட மறிக்கிற இடம்தான் தந்தனீங்கள். பந்து வைச்சிருக்கிறவளுக்கு மூண்டடி தள்ளி நில், மேல முட்டாதை, கோட்டைத் தாண்டாதை எண்டு கத்திக் கத்தி என்ர உடம்புக்கே அது பழகிப் போச்சு. இங்க முதல் முதல் பயிற்சிக்குப் போனபோது, எதிர்ல வந்தவளுக்கு நான் விலகி இடம் விட்டன், "சொறி" எண்டும் சொன்னன். பயிற்சி குடுக்கிற அக்கா சிரிச்சுப்போட்டு, "மன்னிப்புக் கேக்கிறதை வெளியில வைச்சிட்டு வா" எண்டா. இங்க ஒரே நேரத்தில அவையின்ர ஜாமரை மறிக்கவும் வேணும், எங்கட ஜாமருக்கு வழி எடுத்துக் குடுக்கவும் வேணும். காக்கிறதும் தாக்கிறதும் ஒண்டாத்தான் நடக்கும். அதால தோளோட தோள் ஒட்டி நிண்டு, பின்னால வாறவளை முதுகாலயே உணர்ந்து மறிக்க வேணும். நெற்போலில நான் பழகின கண் இதுக்கு உதவுது. கால்தான் கன காலம் சொல்வழி கேக்கேல்ல.

எதால இடிக்கலாம் எண்டதுக்கும் கணக்கிருக்கு, அதைக் கட்டாயம் அம்மாவுக்குச் சொல்லுங்கோ. தோள், மேற்கை, நெஞ்சு, இடுப்பு, இவ்வளவும் சரி. கையால தள்ளக் கூடாது, முழங்கையால குத்தக் கூடாது, கால் தட்டி விழுத்தக் கூடாது. தலையிலயும் முதுகிலயும் தொடை நடுவுக்குக் கீழயும் இடிச்சால் பிழை. பிழை விட்டால் 30 செக்கன் கதிரையில போய் இருக்க வேணும், அந்த நேரம் எங்கட பக்கம் ஒரு ஆள் குறைவு. ஏழு பிழை சேர்ந்தால் அண்டைக்கு வீட்ட போகலாம். இதையெல்லாம் பாக்க ஏழு நடுவர் வரைக்கும் சில்லுச் சப்பாத்தோட கூடவே சுத்துவினம். ஏழு பேரும் ஏழு விசிலும்! உங்களுக்கு இது பிடிக்கும்.

இடிக்கிறதுக்கு முதல் விழப் பழக்குவினம். முழங்காலைக் குடுத்து, உடம்பைச் சுருக்கி, விரலைப் பொத்திக்கொண்டு விழ வேணும். விரிச்ச கை நிலத்தில கிடந்தால் பின்னால வாற சில்லு ஏறிப்போடும். விழுந்து எழும்பி, விழுந்து எழும்பி, கிழமைக்கணக்கா அதுதான் வேலை. முழங்கால் சில்லுக்கும் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் தடிச்ச கவசம் இருக்கு. பெரிய காயம் ஒருத்தருக்கும் வராதெண்டு பொய் சொல்ல மாட்டன். கால் முறிஞ்ச ஆக்களும் இருக்கினம். அதை மட்டும் அம்மாவுக்கு மொழிபெயர்க்காமல் விடுங்கோ.

கண்டல் கதை ஒண்டு சொல்ல வேணும். போன மாதம் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போனனாங்கள். சேலை, கட்டைக் கை பிளவுஸ். முதல் நாள்தான் ஒரு நல்ல இடி வாங்கியிருந்தன், மேற்கை முழுக்க ஊதா நிறம். அன்னதானத்துக்கு வரிசையில நிக்கேக்க ஒரு மாமி, ஊர் மட்டக்களப்புப் பக்கம், என்னை மெல்லத் தூணடிக்குக் கூட்டிக்கொண்டு போய், "பிள்ளை, வீட்டில ஒண்டும் பிரச்சினை இல்லையே?" எண்டு கேட்டா. எனக்கு விளங்கேல்ல. அவ என்ர அவரை ஒருக்கால் திரும்பிப் பாத்துப்போட்டு, "எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை இருக்கு, அவ உதவி செய்வா, நம்பர் தரட்டே?" எண்டா. அவர் பாவம், ஒரு கையில என்ர செருப்புப் பையும் மற்றக் கையில மோர்க் கப்புமா நிண்டு சிரிச்சுக்கொண்டிருந்தார்.

நான் போனை எடுத்து ஆட்டப் படங்களைக் காட்டினன். மாமி ஒவ்வொண்டாப் பாத்தா. "இவளவையெல்லாம் கலியாணம் கட்டினவையோ?" எண்டு கேட்டா. கட்டினவை, கட்டாதவை, பிள்ளை பெத்தவை, பேரப்பிள்ளை கண்ட ஒராள், எல்லாரும் இருக்கினம் எண்டன். "அப்ப நல்லா இடி" எண்டு சொல்லிப்போட்டுச் சாப்பிடப் போயிற்றா. வீட்ட வாற வழியில நாங்கள் சிரிச்ச சிரிப்பு. ஆனால் அந்தக் கேள்வியை எந்தக் குரலில, எந்த இடத்தில வைச்சுக் கேக்க வேணுமெண்டு மாமிக்கு நல்லாத் தெரிஞ்சிருந்தது. அவ அப்பிடிக் கேக்கிறது அது முதல் தரம் இல்லை எண்டதை நான் இரவுதான் யோசிச்சன்.

இப்ப உங்களுக்கு மட்டும் ஒரு விஷயம். இந்த விளையாட்டில என்னைப் பிடிச்சு வைச்சிருக்கிறது இடி இல்லை, இதை நடத்துற விதம். எங்கட லீக்குக்கு, கழகமெண்டு வையுங்கோவன், முதலாளி இல்லை. மாதச் சந்தா கட்டுறம். மண்டபம் வாடகைக்கு எடுக்கிறது, கணக்கு வைக்கிறது, ரிக்கற் விக்கிறது, புது ஆக்களுக்குப் பழக்கிறது எல்லாம் நாங்கள்தான். போட்டிக்கு முதல் நிலத்தில கயிறு விரிச்சு, மேல ரேப் ஒட்டித் தடம் போடுறதும் நாங்கள்தான். கயிறு கீழ இருக்கிறதால கோட்டைத் தாண்டினால் காலுக்கே தெரியும், குனிஞ்சு பாக்கத் தேவையில்லை. காசு சேர்க்க ஹார்ட்வெயார் கடை வாசலில சொசேஜ் சுட்டு விப்பினம். போன போட்டிக்கு நான் மீன் றோல்ஸ் செய்து கொண்டு போனன், இடைவேளைக்கு முதலே முடிஞ்சுது. அவர் பென்சிலும் தாளுமாப் புள்ளி எழுதுறார். தாதி, ட்ராம் ஓட்டுறவ, வக்கீல், வேலை இல்லாதவ, திருநங்கையள் எண்டு எல்லாரும் ஒரே வரிசையில நிக்கினம். மெலிஞ்சவை நுழைவினம், பருத்தவையை அசைக்கேலாது. ரெண்டும் தேவை.

இது முதல்ல இப்பிடி இருக்கேல்லையாம். 1935 ஆவணியில சிக்காகோவில லியோ செல்ற்சர் எண்டவர் தொடங்கினது. ஆணும் பெண்ணும் சோடி சோடியா, அமெரிக்காவைக் குறுக்கால கடக்கிற தூரத்துக்கு நாள்கணக்காச் சுத்துறதுதான் அப்ப போட்டி. ஆக்கள் மோதி விழேக்கதான் சனம் எழும்பி நிக்குதெண்டு கண்டு பிறகு மோதலையே விளையாட்டாக்கினவை. ரிவியால பேரெடுத்து, கடைசியில நாடகம் மாதிரி ஆகி, 1973 இல இழுத்து மூடியாச்சு. 2001 இல ரெக்சாஸில ஒஸ்ரின் எண்ட ஊர்ப் பெண்கள் திரும்ப எடுத்தினம். பழைய தடம் ஓரம் உயர்த்திக் கட்டினது, செலவு கூட. அந்த ஒஸ்ரின் கூட்டத்தில இருந்து பிரிஞ்சு வந்த கொஞ்சப் பேர் 2003 இல சமதரையிலயே விளையாடிப் பாத்தினம். அதோட உலகம் முழுக்கப் பரவீற்று, ஏனெண்டால் கயிறும் ரேப்பும் ஒரு மண்டபமும் இருந்தால் காணும். ஊர் ஊரா இருந்த லீக்குகள் சேர்ந்து தங்களுக்கெண்டு ஒரு சங்கமும் அமைச்சு, விதியையும் தாங்களே எழுதினம்.

முதல் உலகக் கிண்ணம் 2011 இல ரொறன்ரோவில நடந்தது. மாமா ஆக்கள் அங்கயே ஸ்காபரோவில இருந்தவை, ஒருத்தருக்கும் தெரியாது! 2017 இல சங்கத்தின்ர சம்பியன் கிண்ணத்தை எங்கட மெல்பேர்ணில இருக்கிற விக்ரோரியன் ரோலர் டேர்பி லீக் அடிச்சுது. இறுதி ஆட்டம் பிலடெல்பியாவில, எதிர்ப்பக்கம் போர்ட்லண்டின்ர ரோஸ் சிற்றி. அதுக்கு முதல் அந்தக் கிண்ணம் அமெரிக்காவை விட்டு வெளியில போனதில்லை. நாங்கள் அவையளவுக்கு இல்லை, புறநகர்க் குழு. எங்களைப் பாக்க வாறது புருஷன்மாரும் பிள்ளையளும்தான்.

எல்லாரும் ஒரு பட்டப்பேர் வைச்சுத்தான் விளையாடுவினம். என்ர முதுகில "ராவணன் வெட்டு" எண்டு இருக்கு, நம்பர் 26. எங்கட ரெலிபோன் கோட் 026 எண்டு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. ராவணன் கோணேசர் கோயில் மலையைப் பிளந்த கதையைச் சொன்னன், அவைக்கு நல்லாப் பிடிச்சுப் போச்சு. கோயில் பேரைக் காற்சட்டைக்கு மேல போட்டிருக்கிறாள் எண்டு அம்மா சொல்லுவா. சட்டையிலதான் இருக்கெண்டு சொல்லுங்கோ.

சின்னம்மா, எங்கட நெற்போல் ரீமில இருந்தவையில இப்ப எத்தினை பேர் விளையாடுகினம்? ஏ.எல் சோதினை எழுதின கையோட எல்லாரும் சப்பாத்தைக் கழட்டினாங்கள். அதுக்குப் பிறகு கிறவுண்டுக்குப் போனதெண்டால் பிள்ளையின்ர விளையாட்டுப் போட்டிக்குப் பாத்திருக்கத்தான். மக்கெய்சர் ஸ்ரேடியத்துப் பக்கம் பின்னேரத்தில நடக்கிற பொம்பிளையளும் டொக்ரர் சொன்னபடியாத்தான் நடக்கினம். இலங்கை நெற்போல் அணிக்கு விளையாடின தர்ஜினி சிவலிங்கம் அவுஸ்திரேலியாவில வந்து விளையாடினது எங்கட சனத்துக்குப் பெருமை, ஆனால் அவவின்ர வயசில இருக்கிற மருமகளை விளையாட விட மாட்டினம்.

டேர்பி கொண்டுவரச் சொல்லேல்ல. தடத்துக்கு நடுவர் சுத்துற இடத்தோட 108 அடி நீளமும் 75 அடி அகலமும் வேணும், நெற்போல் கோர்ட்டின்ர ஒண்டரை மடங்கு அகலம். அந்த வெய்யிலில சீமெந்துத் தரையில விழுந்தால் தோல் மிஞ்சாது. நான் கேக்கிறது நெற்போல்தான். சனிக்கிழமை பின்னேரம் பிள்ளையள் போன பிறகு கோர்ட் சும்மாதானே கிடக்குது? அதிபரோட கதைச்சு, பழைய மாணவியளுக்கு எண்டு ஒரு மணித்தியாலம் திறந்து விடேலாதோ? குந்தவிக்கும் ராஜிக்கும் நான் எழுதிப் போட்டன். ராஜி "புருஷனைக் கேட்டுச் சொல்லுறன்" எண்டாள். குந்தவி "பந்து ஆர் வாங்கிறது?" எண்டு கேட்டாள். பந்துக்கும் புது வலைக்கும் காசு சித்தப்பான்ர கணக்குக்கு இந்தக் கிழமை போடுறன். மிச்சம் வந்தால் உங்களுக்கு ஒரு நல்ல விசில்.

மார்கழியில எங்கட லீக்குக்கு லீவு. தம்பின்ர கலியாணத்துக்கு வரேக்க கண்டலெல்லாம் மாறியிருக்கும், அதால பிளவுஸுக்கு நீளக் கை வேண்டாமெண்டு தையல்காரியிட்டச் சொல்லுங்கோ. ஆனால் பழைய அளவில வெட்டிப் போட வேண்டாம். நான் இங்க அளந்து பாத்து அனுப்புறன், தோள் அகண்டு போச்சு.

அன்புடன்,
உங்கள் பெறாமகள்