படிவம் 8

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ பேசி ஏழு வாரங்கள் ஆகின்றன. வேலை மிகுதி என்று எண்ணிக்கொள்கிறோம். வீடு மாறியிருந்தால் வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றிவிடு, அதற்குப் படிவம் 8 போதும். வாக்கை மட்டும் விட்டுவிடாதே. வெள்ளையர் காலத்தில் சொத்தோ படிப்போ உள்ளவர்களுக்கே பெரும்பாலும் கிடைத்த அந்த உரிமையை, அரசியல் சட்டத்தின் 326-ஆம் பிரிவு வயது வந்த எல்லோருக்கும் கொடுத்தது.

1950 ஜனவரி 26 முதல் அரசியலில் சமத்துவமும், சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையுமாக ஒரு முரண்பட்ட வாழ்க்கைக்குள் நுழையப் போகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்ததை, ஒன்பதாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் நீ தடுமாறாமல் சொல்லிப் பரிசு வாங்கினாய். அந்தக் கோப்பையை அம்மா இன்றும் துடைத்து வைக்கிறாள். உரையை எழுதிக் கொடுத்தவன் நான். அதையே நீ பெரியப்பா முன்னிலையில் எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே 1996 முதல் பத்து ஆண்டுகள் ஊராட்சித் தேர்தலை முடக்கி வைத்தார்கள். 1997-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்ற செய்தியைப் படித்த அன்று நான் சாப்பிடாமல் படுத்தேன். பிற ஊர்க் கொடுமைகளுக்கு நான் கோபப்படத் தவறியதில்லை.

தேர்தல் பணிக்குப் போன ஓர் ஊரில், விரலை நீட்டத் தயங்கிய ஒரு மூதாட்டி, "மைக்குச்சியைக் கொடுங்க சாமி, நானே வச்சுக்கிறேன்" என்றார். அது என் வேலை என்று சொல்லி, அவருடைய இடது ஆள்காட்டி விரலைப் பிடித்து, நகத்திலிருந்து முதல் கணு வரை கோடு இழுத்தேன். அவர் கை நடுங்கியது. இதை உன்னிடம் எத்தனையோ முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

சொல்லாதது ஒன்று உண்டு. அந்தப் பிள்ளை நம் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போன பிறகு, அந்த டம்ளர் கொல்லைச் சுவரில் தனியாகக் கவிழ்ந்திருந்ததை நீ பார்த்தாய். அம்மாவின் பழக்கம் அது, எனக்குத் தெரியாது என்றேன். நீயும் நம்பி, அவளிடம் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தனியாக வைக்கச் சொன்னவன் நான். அவள் இன்று வரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. முகம் தெரியாத ஊரில் சட்டத்தின் பெயரால் பிடிக்க முடிந்த கையை, என் வீட்டுக் கூடத்தில் மகளின் பொருட்டுப் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த டம்ளர் இப்போது அடுப்படியில் மற்றவற்றோடு இருக்கிறது. நான்தான் எடுத்து வைத்தேன்.

படிவம் 8-ஐ மறக்காதே. உறவினர் பெயர் என்ற இடத்தில் இப்போது என் பெயர் இருக்கிறது. அதையும் மாற்ற வேண்டியிருந்தால், அதே படிவத்தில் மாற்றிக்கொள்ளலாம். அவர் பெயரைப் பிழையில்லாமல் எழுது. பட்டியலில் தவறாக ஏறிவிட்டால் திருத்துவதற்குள் அலைச்சலாகிவிடும்.

அப்பா