'திருத்தி விரிவாக்கிய புதிய பதிப்பு 2024' என்று சொல்லி விற்ற ஆய்வேட்டு வழிகாட்டி நூல் பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பழைய நூலுக்குப் புதிய அட்டை போட்டு விற்றது, பணத்தைத் திருப்பித் தரவும் அட்டை வாசகத்தை நீக்கவும் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

நான் அரசு கலைக் கல்லூரி ஒன்றில் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். ஆய்வேட்டை எங்கே தொடங்குவது, எப்படி முடிப்பது என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. நெறியாளர் அம்மாவிடம் என்னோடு சேர்த்து ஏழு பேர் இருக்கிறோம். ஒவ்வொரு சின்னச் சந்தேகத்துக்கும் அவர் கதவைத் தட்ட முடியாது. அதனால்தான் வழிகாட்டி நூல் ஒன்றை வாங்க நினைத்தேன்.

உங்கள் இணையக் கடையில் இந்தப் பொருளில் மூன்று நூல்கள் இருந்தன. மூன்றிலும் விலை கூடிய இதை 480 ரூபாய் கொடுத்து வாங்கியதற்கு ஒரே காரணம், அட்டையில் இருந்த 'திருத்தி விரிவாக்கிய புதிய பதிப்பு 2024' என்ற வரி. புத்தகக் கடையாக இருந்தால் நாலு பக்கம் புரட்டிப் பார்த்திருப்பேன். உங்கள் தளத்தில் அட்டைப் படமும் விலையும்தான் உண்டு, பொருளடக்கம்கூடக் கிடையாது. அந்த ஒரு வரியை நம்பித்தான் வாங்கினேன்.

உள்ளே எதுவும் திருத்தப்படவில்லை. துணைநூற்பட்டியலுக்கு எம்.எல்.ஏ. முறையை (அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் தன் கையேட்டில் வகுத்த முறை) கற்பிக்கும் இயலில், ஒவ்வொரு நூலுக்கும் வெளியீட்டு ஊரைப் போட வேண்டும், கடைசியில் 'அச்சு' என்று எழுத வேண்டும் என்றிருக்கிறது. இது அந்தக் கையேட்டின் 2009-இல் வந்த ஏழாம் பதிப்பின் விதி. 2016-இல் வந்த எட்டாம் பதிப்பிலேயே அச்சா இணையமா என்று குறிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. ஊர்ப் பெயரும் பொதுவாகத் தேவையில்லை என்றானது. ஒன்பதாம் பதிப்பு 2021-இல் வந்துவிட்டது. எங்கள் துறை கேட்பது ஒன்பதாம் பதிப்பை. உங்கள் நூலைப் பார்த்து நான் எழுதிய 84 பதிவுகளிலும் நெறியாளர் அம்மா சிவப்பு மையால் கோடு போட்டுக் கொடுத்தார். திருத்தி மறுபடி தட்டச்சு செய்ய 600 ரூபாய் ஆனது, நூலின் விலையைவிட அதிகம்.

தமிழ்ப் பெயர்களைப் பட்டியலிடுவதில் இன்னும் குழப்பம். நம் முன்னெழுத்து பெரும்பாலும் அப்பாவின் பெயர், குடும்பப் பெயர் அல்ல. அதனால் 'சாமிநாதையர், உ.வே.' என்று எழுதுவதா, 'உ.வே. சாமிநாதையர்' என்றே விடுவதா என்பது எல்லா மாணவருக்கும் வரும் கேள்வி. எந்த முறையானாலும் ஆய்வேடு முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் நூல் 63-ஆம் பக்கத்தில் ஒரு விதமாகவும் 118-ஆம் பக்கத்தில் வேறு விதமாகவும் காட்டுகிறது. இதைத் தெளிவாக்குவதற்காகவே ஒரு தமிழ் மாணவி தமிழில் வழிகாட்டி நூல் வாங்குகிறாள், ஐயா.

என் தலைப்பு புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்கள், அதாவது இறந்தவரை எண்ணி இரங்கிப் பாடியவை. சங்கப் பாடலை மேற்கோள் காட்டப் பக்க எண் போதும் என்கிறது நூல். உ.வே.சா. 1894-இல் பதிப்பித்த புறநானூறு தொடங்கி எத்தனையோ பதிப்புகள் இருக்கின்றன. பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். பாடல் எண்ணும் அடி எண்ணும் தந்தால்தான் படிப்பவர் தேடி எடுக்க முடியும். உரையைக் காட்டும்போது எவருடைய உரை என்பதும் வேண்டும், ஏனென்றால் பழைய உரை கிடைத்திருப்பது முதல் 266 பாடல்களுக்குத்தான். இதில் ஒரு வரிகூட அந்த இயலில் இல்லை.

எனக்கு அச்சம் தந்தது வேறொரு பக்கம். அறிஞர்களின் பத்திகளில் சில சொற்களை மாற்றித் தம் நடையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அங்கே அறிவுரை இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டு விதிமுறைகள் முதுகலை ஆய்வேட்டுக்கும் பொருந்தும். பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். 40-ஐத் தாண்டினால் ஓராண்டுக்குக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் படிப்புக்கான பதிவே ரத்தாகும். உங்கள் சொல்லைக் கேட்டு எழுதும் பிள்ளையின் ஓராண்டுக்கு யார் பொறுப்பு?

2022-இல் யுஜிசி நிறுத்திவிட்ட எம்.ஃபில். படிப்புக்கு நூலில் 22 பக்கம் இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளை வீட்டிலிருந்தே படிக்க உதவும் சோத்கங்கா தளம் பற்றி ஒரு சொல் இல்லை.

முதல் இரண்டு இயல்களும் நன்றாக இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 'சங்க இலக்கியத்தில் பெண்கள்' போன்ற அகன்ற தலைப்பை ஒரு நூல், ஒரு துறை, ஒரு கேள்வி என்று சுருக்கும் வழியை ஆசிரியர் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். என் தலைப்பு அப்படித்தான் அமைந்தது. அவ்வளவு அக்கறையாக எழுதியவரின் உழைப்பை இப்படிப் பழையதாகவே விட்டு அட்டையை மட்டும் மாற்றியது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் சேவைப் பிரிவுக்கு இருமுறை மின்னஞ்சல் அனுப்பினேன். 'பிரித்த புத்தகத்தைத் திரும்பப் பெற இயலாது' என்ற ஒற்றை வரிதான் இருமுறையும் வந்தது. பிரிக்காமல் உள்ளே இருப்பதை நான் எப்படி அறிவேன்? விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன.

ஆகவே, நூலின் விலை 480 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். உண்மையில் திருத்தி முடிக்கும்வரை அட்டையிலும் தளத்திலும் உள்ள 'புதிய பதிப்பு' என்ற வாசகத்தை எடுத்துவிட வேண்டும். பொருளடக்கத்தையும் பத்துப் பக்கங்களையும் வாங்குமுன் படிக்கும்படி தளத்தில் போட வேண்டும். எங்கள் வகுப்பில் இன்னும் நான்கு பேர் இதே நூலை வாங்கியிருக்கிறார்கள்; அடுத்த ஆண்டு மாணவர்களும் தேடி வருவார்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்வேன்.

ரசீதின் நகலையும், மேலே சொன்ன பக்கங்களின் படங்களையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
முதுகலைத் தமிழ் மாணவி