ஃபிளின்ட் ஊர்ப் பையன்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

இனியனின் வலது கையைப் பற்றிப் பேச்சு வந்தாலே போனில் உன் குரல் கம்மிவிடுகிறது. அதனால்தான் கடிதம். உங்கள் மிச்சிகனிலேயே ஃபிளின்ட்டில் வளர்ந்தவர் ஜிம் அபட். 1967இல் பிறந்தார். நம் பிள்ளையைப் போலவே பிறவியிலேயே வலது கையில் குறை; உள்ளங்கையும் விரல்களும் இல்லை. அவர் பேஸ்பாலில் பிட்சர், அதாவது மட்டைக்காரருக்குப் பந்து வீசுகிறவர், ஆனார்.

பிட்சருக்குப் பந்தை வீசியதோடு வேலை முடிவதில்லை. அடிபட்ட பந்து அவரை நோக்கியே பாய்ந்து வரும், பிடிக்க மறு கையில் தோல் கையுறை வேண்டும். அபட் கையுறையை வலது கையின் முனையில் தாங்கிக்கொண்டு இடது கையால் வீசுவார். பந்து கையை விட்டதுமே இடது கையைக் கையுறைக்குள் நுழைத்துவிடுவார். பந்து வந்தால் பிடித்து, கையுறையை வலப்பக்கம் இடுக்கி, கையை உருவிப் பந்தை எடுத்து எறிவார். சின்ன வயதில் சுவரில் பந்தை எறிந்து எறிந்து, ஒவ்வொரு நாளும் சுவரை இன்னும் நெருங்கி நின்று பழகிய வித்தை அது.

பள்ளி முடித்ததுமே டொராண்டோ புளூ ஜேஸ் என்ற தொழில்முறை அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அவர் போகாமல் ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பிட்சராக அவர் கணக்கில் 26 வெற்றி, 8 தோல்வி. 1987இல் ஹவானாவுக்கே போய் கியூபா அணியைத் தோற்கடித்தார். நாட்டின் சிறந்த அமெச்சூர் வீரருக்கான சல்லிவன் விருதும் அந்த ஆண்டுக்குத்தான். 1988 சோல் ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு எதிரான இறுதி ஆட்டம் முழுவதையும் அவரே வீசி ஜெயித்தார். அப்புறம் நேராகக் கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் என்ற தொழில்முறை அணி. 1993இல் நியூயார்க் யாங்கீஸுக்காக, எதிரணி ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துவிட்டு ஓடித் தளம் சேர்வது) அடிக்க முடியாமல் ஒரு முழு ஆட்டம் வீசினார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு 1996தான் பெரிதாகப் படுகிறது. அந்த ஆண்டு 2 வெற்றி, 18 தோல்வி. ஒரு வருடம் ஆடவே இல்லை. ஆனால் 1998இல் திரும்பி வந்து முதல்நிலை லீகில் வீசிய ஐந்து ஆட்டங்களிலும் ஜெயித்தார். மொத்தக் கணக்கில் 87 வெற்றி, 108 தோல்வி. அந்தத் தோல்விகளுக்குப் பெரும்பாலும் யாரும் அவர் கையைக் காரணம் சொல்லவில்லை. பந்து சரியாக விழவில்லை என்றார்கள், அவ்வளவுதான். இனியனையும் உலகம் அப்படி நடத்த வேண்டும், கண்ணு.

அவர் போன ஊரெல்லாம் கை குறைந்த பிள்ளைகளைப் பெற்றோர் கூட்டி வந்து காட்டினார்கள். கடிதங்கள் குவிந்தன. அவர் சலிக்காமல் பதில் எழுதினார், பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினார்.

என் மனதைவிட்டு அகலாதவர் அவருடைய மூன்றாம் வகுப்பு ஆசிரியர். ஒரே கையால் ஷூ லேஸ் கட்டுவதைத் தானே வீட்டில் பழகிப் பார்த்துவிட்டு வந்து, பையனுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். நானும் ஆரம்பித்திருக்கிறேன். முடிச்சு இன்னும் சரியாக விழவில்லை.

இனியன் பட்டனோடு போராடும்போது நீ உடனே ஓடிப்போய்ப் போட்டுவிடாதே. கொஞ்ச நேரம் விடு. கோபத்தில் அழுதாலும் விடு. அம்மாவிடமும் இதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே வந்ததும் அவள் கேட்பாளா என்பது வேறு விஷயம்.

ஏப்ரலில் வருகிறோம். ஆன் ஆர்பரில் கல்லூரி ஆட்டங்கள் நடக்கிற நேரம். மிச்சிகன் அணி ஆடுகிற ஒரு சனிக்கிழமைக்கு ஐந்து டிக்கெட் எடுத்து வை. மாப்பிள்ளையை அன்றைக்கு லீவு போடச் சொல்.

அன்புடன்,
அப்பா